ஐந்து வரியும் சொன்னேன்

சிங்கப்பூர்
12.8.1957

அன்புள்ள சந்திரமதிக்கு,

இங்கே கஞ்சி நன்றாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் நல்ல மனிதர். நம் ஊர் காஜா பெராங்கில் மழையா?

இடது கண்ணுக்குள் பிளாஸ்டிக் வில்லை வைத்துப் பத்து நாளாகிறது. இனிமேல் கண்ணாடியே வேண்டாம், மெர்டேக்கா சுதந்திர நாளன்று புக்கிட் ரம்பாய் பஸ்ஸை நானே ஓட்டுவேன் என்று சொல்லி, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை வலது கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். உச்சியில் ஒரு பெரிய எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. லைசென்ஸ் பரீட்சைக்கு வைத்த அதே பலகை. அதற்குக் கீழே எல்லாம் வெள்ளை. அப்போது அடுப்படியில் நிற்கவைத்து, "தப்பா சொன்னா சோறு கிடையாது" என்று மனப்பாடம் செய்ய வைத்தாயே, அது தானாக வாயில் வந்துவிட்டது. ஐந்து வரியும் சொன்னேன்.

டாக்டர் என் கையைக் குலுக்கினார்.

"அண்ணே, டாக்டருக்கு ரொம்ப சந்தோசம். வெள்ளிக்கிழமை மத்த கண்ணுக்கும் வெச்சிடுவாரு" என்றார் கட்டுப் போடும் டிரஸ்ஸர். நானும் சிரித்தேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னால், ஆறு வருஷம் எப்படி பஸ் ஓட்டினாய் என்று கேட்பார்கள். அதனால் பலகை மனப்பாடம் என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

இதை வலது கண்ணால்தான், மூக்கு தாளில் இடிக்க எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் வந்து நீயே டாக்டரிடம் சொல்லிவிடு.

வார்டுக்குள் வந்ததும் கட்டிலருகே சும்மா நிற்காதே. குரல் கொடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்