கண் வைக்காத படம்

தை 4, திங்கள்

காலையில் கடும் பனி. ஏரி தெரியவில்லை, பூநாரைகளின் சத்தம் மட்டும். வர்ணத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்தேன். பசை பதம் தவறிவிட்டது, மறுபடி காய்ச்ச வேண்டும். இடது முழங்கால் வலி.

ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து ஆள். துரையின் மனைவி கூப்பிடுகிறாராம். கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே வந்து நிற்கிறது. துரை எழுதிய மீன் புத்தகம் அதில் ஒல்லாந்துக்குப் போக வேண்டும். துரையின் படம் மட்டும்தான் பாக்கி, முடித்து எடுத்துவரச் சொன்னாராம்.

போகவில்லை. முழங்காலைக் காரணம் சொன்னேன்.

துரையை இனி 'து.' என்றே எழுதுவேன். எனக்கு அவர் செய்த மரியாதைக்கு இவ்வளவு மை போதும்.

சோறு போடும்போது மகள் கன்னியம்மா: "செத்துப்போன மனுசன் மேல இன்னா நைனா கோவம்?"

"உசிரோட இருந்தப்ப இருந்த கோவம்தான்."

"அப்ப அதையும் சேத்துப் பொதைச்சிருக்கலாம்ல."

அப்படியே அவள் அம்மா வாய்.

உச்சி வேளையில் து. வந்தார். மார்கழியில் புதைத்த நாளிலிருந்து இப்படித்தான். முற்றத்து முக்காலியில், படம் வரைய உட்கார்ந்த அதே சாய்வில், கையில் தொப்பியோடு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. படத்தில் நான் விட்டுவைத்திருக்கும் அதே வெள்ளை.

தை 5, செவ்வாய்

பனி குறைவு. வாடைக் காற்று. பசை சரியாக வந்தது.

கன்னியம்மா முக்காலி மேல் முறத்தை வைத்து மடவை மீன் காயப் போட்டாள். உச்சி தாண்டியும் ஒரு காக்கைகூட இறங்கவில்லை. "இந்த எடம் நல்லா கீது நைனா, இனிமே இங்கியே வெக்கிறேன்" என்கிறாள்.

ஒருமுறை எழுதி வைத்துவிட வேண்டும், எனக்கே குழம்புகிறது.

இந்த ஏரியின் மீன் அத்தனையையும் து. எழுதினார், நான் வரைந்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்து, சரக்கு மூட்டைகளைப் பார்த்துக் கற்றது. சித்திரம், துணிக்குப் பூ வரைந்தவர்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக் கற்றது. ஆனால் கண்ணை நானே கண்டுபிடித்தேன். மீனின் உடம்பைச் செத்த மீனைப் பார்த்து வரையலாம், கண்ணை வரைய முடியாது. கரைக்கு வருவதற்குள் பால் படிந்துவிடும். அதனால் எல்லா மீனுக்கும் கண்ணை மட்டும் விட்டுவைப்பேன். பிறகு மருமகன் தோணியில் போய், வலையிலிருந்து எடுத்த கையோடு, துடிக்கும்போதே பார்த்து வைப்பேன். எதிரில் இல்லாத கண்ணை ஒரு நாளும் வைத்ததில்லை.

கடைசியாக து.வின் படம். புத்தகத்தின் முகப்பில் எழுதியவர் முகம் இருப்பது அவர்கள் வழக்கமாம். வரைந்தேன். கண் பாக்கி. அப்போதுதான் கேட்டேன், "முதல் ஏட்டில் உங்கள் பேருக்குக் கீழே என் பேர் வரும் என்றீர்களே, எழுதிவிட்டீர்களா?" சிரித்தார். "அடுத்த வாரம்." அப்படியானால் கண்ணும் அடுத்த வாரம் என்றேன். அதற்குள் காய்ச்சல் வந்து போய்விட்டார்.

நான் செய்ததில் தப்பில்லை.

தை 7, வியாழன்

வெயில். கோட்டைக்குப் போனேன். வழியில் கல்லறை வாசல். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்றின் விலா எலும்பு வரிசை தவறு. செதுக்கியவனிடம் அன்றே சொன்னேன், கேட்கவில்லை.

து.வின் மனைவி, அந்த அம்மா, கறுப்பு உடையில். இந்த ஊரில் பிறந்தவர், நம் பேச்சுத்தான் பேசுவார். புத்தகக் கட்டு மேசையில். முதல் ஏட்டைக் காட்டி, "அவரே எழுதி வெச்சிட்டுத்தான் போனாரு, பெரியவரே. நீங்க கோவிச்சிக்க வேணாம்" என்றார்.

படிக்கச் சொன்னேன்.

து.வின் பேர். பட்டம். பதவி. அப்புறம் அவர் அப்பாவின் ஊர். அதற்கும் கீழே ஒரு வரி. அம்மா கொஞ்சம் தயங்கினார். "படங்கள், ஒரு மலபாரியின் கையால்."

இங்கே இருக்கிற தமிழர் அத்தனை பேரையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுமை தூக்குகிறவனும் மலபாரி, சுண்ணாம்பு சுடுகிறவனும் மலபாரி.

"அடிச்சிட்டு என் பேர எழுதுங்க."

"செத்தவரு கையெழுத்து. அதுல கைய வெக்க எனக்கு பயமா இருக்கு."

"அப்ப கண்ணு கெடையாது."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "கண்ணு இல்லாட்டி கப்பல் நிக்குமா பெரியவரே? அங்க அச்சுக்குச் செம்புத் தகட்டுல வெட்டறவன் எதுனா ஒரு கண்ண வெச்சிருவான்."

படத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதைத் துணியில் சுற்றித் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு சாப்பிடவில்லை. எவனோ ஒருவன், து.வைப் பார்த்தே இராதவன், என் கோட்டுக்கு நடுவில் அவன் ஊர்க் கண்ணை வைப்பான்.

தை 8, வெள்ளி

மேகம் இல்லை. கன்னியம்மா புருசனோடு திருப்பாலைவனம் கோயிலுக்கு. வீட்டில் நான் மட்டும்.

மடவை முறத்தை இறக்கி வைத்துவிட்டு முக்காலியைத் துடைத்தேன். படத்தைப் பலகையில் விரித்தேன். அணில் முடித் தூரிகை, மெல்லியது. கறுப்புக்கு விளக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு, பசை.

உச்சியில் வந்து உட்கார்ந்தார்.

"பேர் எழுதவில்லை. ஆனாலும் வேறு ஒருவன் வைக்க விட மாட்டேன். கண்ணைக் காட்டுங்கள்" என்றேன்.

நிழல் நகரும்வரை ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளை மெல்லக் கலைந்தது, மணலில் தண்ணீர் ஊறுவதுபோல். உள்ளே கண். நான் அறிந்த சாம்பல் நீலம் இல்லை. கரையில் போட்டு நேரமான மீனின் கண். பால் படிந்து, இடது இமை பாதி இறங்கி.

எதிரில் இருந்ததை வைத்தேன். முடித்து நிமிர்ந்தபோது முக்காலி காலி.

கஞ்சி குடித்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

தை 9, சனி

அம்மாவிடம் படத்தைக் கொடுத்தேன். துணியைப் பிரித்தார். வெளியே யாரோ பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இத நீங்க பாத்திருக்க முடியாது" என்றார். "அவரு போன விடிகாலையில. ஒரு கண்ணு பாதி தொறந்திருந்திச்சி. ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். நான்தான் மூடினேன்."

"முத்தத்துல பாத்தேன்."

"வராரா?"

"தெனம். உச்சியில."

"என்கிட்ட வரல" என்றார். அப்புறம், "என்கிட்ட ஒரு நாள்கூட வரல பெரியவரே."

முதல் ஏட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அந்த வரியின் மேல் ஒரே கோடு. பயந்துகொண்டேதான் போட்டார், ஆனால் போட்டார். பேனாவை மறுபடி தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்க பேரு இன்னா?"

இத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். அவர்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா பேரோடும் ஊரோடும் சேர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதினார். மை காயும்வரை நின்றிருந்துவிட்டு வந்தேன்.

கல்லறை வாசலைத் தாண்டும்போது முழங்கால் வலிக்கவில்லை.

தை 11, திங்கள்

மேற்குக் காற்று. புத்தகமும் படமும் ஏற்றிய கப்பல் காலையில் பாய் விரித்துவிட்டது. மருமகன் தோணியிலிருந்து பார்த்தானாம். கெளுத்திக் குழம்பு, காரம் அதிகம். தூரிகைகளைக் கழுவி மூங்கில் குழாயில் போட்டு அடைத்தேன். இனி வேலை இல்லை.

கேட்டது கிடைத்தது. கன்னியம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே மொகத்த நேரா வெச்சிக்கினு சோறு துன்னு நைனா" என்றாள்.

உச்சியில் து. வந்தார்.

இன்று கண்ணோடு வந்தார். நான் வைத்த கண். அதை வைத்து என்னைத்தான் பார்க்கிறார்.

"பேர் எழுதியாச்சு. கண்ணும் வெச்சாச்சு. இன்னும் இன்னா ஓணும்? போங்க" என்றேன்.

உள்ளேயிருந்து கன்னியம்மா: "யார்கிட்ட நைனா பேசுற?"

"காக்காய வெரட்டறேன்."

"அங்க ஏது காக்கா?"

அவர் அசையவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. இடது கண்ணில் சுண்ணாம்பு கொஞ்சம் அதிகம். இப்போதுதான் தெரிகிறது.