மரகதம் மனதுக்குள் கழித்த கணக்கு

என் செல்லத் தங்கச்சி மரகதம்,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. அதனால்தான் ஊரே படிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறேன். படிக்கட்டும். நம் தெருவில் பாதிப்பேர் உன்னைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா இன்னும் மில்லுக்குப் போகிறார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இருமல் நிற்பதில்லை. குழாயடிக்கு நீ தூக்கிப்போன குடங்களையும் இப்போது அம்மாவே தூக்குகிறாள். நான் குமாஸ்தாவாக இருக்கிறேன். நீயும் நானும் சேர்ந்து எழுதினோமே, அந்தப் பரீட்சையில் கிடைத்த வேலைதான்.

பிரெஞ்சுக்காரன் போனதும் நம் படிப்பு ஒரே நாளில் பழசாகிப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் நாம் வாங்கிய பிரெவே சான்றிதழை நீட்டினால் ஆபீசில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். வேலை வேண்டும் என்றால் இங்கிலீஷில் இரண்டு பேப்பர் எழுது என்றார்கள். ஒன்று கணக்கு. இன்னொன்றை நீ 'புத்திப் பேப்பர்' என்பாய். வரிசையில் அடுத்த எண் எது, கூட்டத்தில் சேராதது எது, இதற்கு அது என்றால் எதற்கு எது. பள்ளிக்கூடத்தில் நாம் கண்டிராத கேள்விகள். மதராசிலிருந்து வந்த ஒரு பழைய கைடு, அட்டை போனது, அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம்.

டியூஷன் வாத்தியார் பையன்களை மட்டும்தான் சேர்த்தார். "பொம்பளப் புள்ளைங்க வந்தா பசங்க கவனம் போயிடும்" என்றார். நான் அங்கே கற்றுக்கொண்டு வருவேன், நீ என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வாய். பிடுங்கியதை என்னைவிட வேகமாகப் போடுவாய். பிறகு குழாயடி வரிசையில் நின்றுகொண்டு என்னையே சோதிப்பாய்.

"இன்னாடி மரகதம், கொடத்துக்கும் பரீட்சையா?" என்று எதிர்வீட்டு அஞ்சலை அக்கா ஒருநாள் கிண்டல் செய்தாள்.

"ஆமாக்கா. உன்னப் பத்தித்தான் கேள்வி. நீ முன்னாடியிருந்து ஏழாவது, பின்னாடியிருந்து நாலாவது. வரிசையில மொத்தம் எத்தினி பேரு?"

"ஏழும் நாலும் பதினொண்ணு. இதுக்கா பரீட்ச வெக்கிறாங்க?"

"எண்ணிப் பாரு."

அவள் விரலை நீட்டி எண்ணினாள். பத்து. மறுபடியும் எண்ணினாள். "எவளோ ஒருத்தி நடுவுல வரிசைய வுட்டுப் பூட்டா" என்றாள். வரிசையே சிரித்தது. "உன்ன நீயே ரெண்டு தடவ எண்ணிட்டக்கா" என்றாய் நீ.

இன்னொரு கேள்வியும் நினைவிருக்கிறது. வக்கீல், வைத்தியர், ஆசிரியர், கூலிக்காரர்: இதில் சேராதவர் யார்? நீ நெடுநேரம் பார்த்தாய். "வக்கீல்தாண்ணா. மத்த மூணு பேரும் ஒடம்பு நோவ ஏதாச்சும் செய்யிறாங்க" என்றாய். பின்பக்கம் விடையைப் புரட்டினேன். கூலிக்காரர் என்று இருந்தது. அப்போதுதான் அப்பா மில்லிலிருந்து வந்து, தலையில் பஞ்சோடு, முகம் கழுவிக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அப்பாவத்தான் வெளிய தள்ளணுமாம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பரீட்சையிலும் அதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. அவர்கள் கேட்ட விடையையே எழுதினேன். நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவே இல்லை.

உன்னிடம் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் என்னால் மாற்ற முடியவில்லை. வகுத்தல். நம் பள்ளிக்கூடத்தில் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் போடுவோம், அதன் கீழே விடை. பெருக்கி, மனதுக்குள்ளேயே கழித்து, மீதியை மட்டும் எழுதுவோம். 8976-ஐ 34-ஆல் வகுத்தால் உன் தாளில் 217, 136, 0 என்று மூன்றே வரி இருக்கும், ஓரத்தில் 264. புது முறையில் ஒவ்வொரு பெருக்கலையும் கழித்தலையும் எழுதிக் காட்ட வேண்டும். வாத்தியார் எனக்குத் தலையில் குட்டிக் குட்டி மாற்றினார். நான் உனக்குச் சொன்னபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை. "மனசுல கழிக்கத் தெரியாதவன்தான் எழுதிக் கழிப்பான். நேரம் போவும்ண்ணா" என்றாய். வீட்டில் நான் பக்கத்தில் இருந்தால் எழுதுவாய். கடிகாரத்தை வைத்தால் பழையபடி மூன்று வரி.

பரீட்சை அன்று ஒரே வீட்டு விலாசம் என்பதால் நம் எண்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரே பெஞ்சின் இரண்டு முனைகள். முடிந்து ஒரு வாரத்தில் இருவரையும் கூப்பிட்டார்கள். பரீட்சை அதிகாரி இரண்டு தாள்களையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தார். விடை எல்லாம் ஒன்று. ஒன்றில் வழிமுறை முழுசாக இருந்தது, மற்றதில் இல்லை.

"வழி இல்லாம விடை மட்டும் எப்படிம்மா வந்துது?" என்று கேட்டார்.

"மனசுல கழிச்சேன் சார்."

"மனசுலயா?" அவர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, தங்கச்சி உன்னப் பாத்துத்தானே எழுதிச்சு? பரவால்ல, சொல்லு. உனக்கு ஒண்ணும் ஆவாது."

நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையின் காலைப் பார்த்தேன். கறுப்பு வர்ணம் உரிந்து, கீழே மரம் தெரிந்தது. இன்றைக்கும் அந்தக் காலை என்னால் வரைந்து காட்ட முடியும்.

ஊருக்குத் தெரியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டு கணக்கும் எனக்கு வரவில்லை. நான்தான் உன் தாளைப் பார்த்தேன். உன் விடையை வைத்துக்கொண்டு, டியூஷனில் படித்தபடி, வரிவரியாக வழிமுறை எழுதினேன். பார்த்து எழுதியவன் தாளில் எல்லாப் படிகளும் இருந்தன. சொந்தமாகப் போட்டவள் தாளில் இல்லை. நான் பார்ப்பது உனக்கும் தெரிந்தது. நீ கையை வைத்து மறைக்கவில்லை.

உன் தாளில் சிவப்புக் கோடு போட்டார்கள். மறுபடி எழுத முடியாது என்றார்கள். திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று நீ சொன்னது ஒரே வரி.

"நீ வாயத் தொறப்பேன்னு நெனச்சேன்ண்ணா."

அதற்குப் பிறகு கல்யாணம்வரைக்கும் நீ என்னோடு பேசியது, சோறு போடட்டுமா, வேண்டாமா, அவ்வளவுதான்.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. "திருடிப் பாஸ் பண்ற படிப்பு எம்பொண்ணுக்கு வாணாம்" என்று கைடைத் தூக்கி அடுப்படியில் போட்டார். நாலு மாதத்தில் பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த வீட்டில் உன்னைக் கொடுத்தார். என் முதல் சம்பளத்தில்தான் உன் கல்யாணப் புடவை வாங்கினேன். நீ அதை ஒருமுறைதான் கட்டினாய்.

காமாலை வந்து கண் மஞ்சளாகியும் அங்கே இலைச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறுவடை நேரம், வண்டி ஒழியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. காரியத்துக்கு வந்திருந்தபோது உன் அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். கரித்துண்டால் கணக்குகள். எல்லாம் வலப்பக்கம் வகுத்தவை. யாருக்காகப் போட்டாய், மரகதம்? இன்னொரு பரீட்சை வரும் என்று நினைத்தாயா? சும்மா கை அரித்ததா? பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

காரியத்தன்றைக்கு வாசலில் அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "படிப்புலதான் ஒரு பொய் சொல்லிட்டா. மத்தபடி தங்கமான பொண்ணு." நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வாரம் மறுபடி பரீட்சை நடந்தது. இந்தத் தடவை நான் மேற்பார்வைக்குப் போனேன். உப்பளம் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், பாவாடை தாவணி, ஏழு எழுதினால் நடுவில் கோடு போடுகிறாள். நம் பள்ளிக்கூடத்து ஏழு, நீ போடுவது மாதிரியே. புதிதாக வந்திருக்கும் அதிகாரி நடந்துகொண்டே வந்தவர் அவள் தாளருகே நின்றார்.

"மிஸ்டர் ஏழுமலை, இங்க வாங்க. வழியக் காணோம், விடை மட்டும் இருக்கு. பக்கத்துப் பையனப் பாத்துப் போட்டிருக்கு."

"மனசுல கழிச்சேன் சார்" என்றாள் அவள்.

அதே வார்த்தை. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "சார், அது இங்கத்திய பள்ளிக்கூடத்து வகுத்தல். மீதிய மட்டுந்தான் எழுதுவாங்க. நானும் அப்படித்தான் படிச்சேன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். அவள் தாளின் பின்புறம் ஒரு கணக்கு எழுதி, "போடு" என்றார். அவள் போட்டாள். மூன்று வரி. அவர் சரிபார்க்க அவளைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "சரிம்மா, எழுது. நேரம் போவுது" என்று அடுத்த பெஞ்சுக்கு நடந்துவிட்டார்.

அவ்வளவுதான், மரகதம். ஒரு கணக்கு, ஒரு நிமிஷம். நான் ஏதோ மலையைப் புரட்ட வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை.

இன்னொரு கூத்தையும் கேள். கடைவீதியில் இப்போது கிலோவும் மீட்டரும் வந்துவிட்டன. பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பரீட்சைக்காக நாம் மாய்ந்து மாய்ந்து மறந்தோமே, அதேதான். பவுண்டையும் கெஜத்தையும் மனப்பாடம் செய்து உள்ளே போன நான், இப்போது மற்ற குமாஸ்தாக்களுக்குக் கிலோ சொல்லிக் கொடுக்கிறேன். கெட்டிக்காரன் என்கிறார்கள்.

அந்த உப்பளத்துப் பெண் தேறலாம், தேறாமலும் போகலாம். அவள் தேறினால் உன் பழி போய்விடாது. நீ திரும்பி வரப்போவதும் இல்லை. அப்பா மனதில் நீ இன்னும் திருடிதான்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் இது அச்சுக்குப் போகுமுன் ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், முதல் வரியிலிருந்து நானே படித்துக் காட்டுவேன். கடைசி இரண்டு கணக்கு வரும் இடத்தில் நிறுத்தமாட்டேன். தரையைப் பார்க்கமாட்டேன். என்னை வெளியே போகச் சொல்வாரா, இருமிக்கொண்டே சும்மா இருப்பாரா, தெரியாது. அச்சில் வந்த பிறகு வேலையும் போகலாம். போனால் போகட்டும் என்று வீரம் பேசவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்பேன், மரகதம். இது சத்தியம்.

உன் தாளைப் பார்த்து எழுதிய அண்ணன்,
ஏழுமலை
முத்தியால்பேட்டை