நீங்கள் கழற்றிய ஸ்பிரிங்

அண்ணே,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் லோரியின் கியர் எண்ணெயை வாசலிலேயே இறக்கினார். அந்த அழுகிய முட்டை நாற்றம் ஜன்னல் வழியாக வந்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. தோட்டத்து லோரிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் நீங்கள். அவற்றில் ஒன்றை ஓட்டிய டிரைவர் நான். நீங்கள் இருந்தவரை இதைப் பேச எனக்கு முகமில்லை.

அந்தக் கால லோரியில் ஏற்றத்தில் கியரைக் குறைப்பது லேசான காரியமல்ல. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இஞ்சினைச் சற்று உறுமவிட்டு, மறுபடியும் கிளச்சை மிதித்தால்தான் பல்லோடு பல் சேரும். "ரெண்டு மிதி மிதி தம்பி, கியர் தானா விழும் லா" என்பீர்கள். தெரியாதவனா நான்?

ஆனால் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட அவசரகாலத்தில் கோலா சாவா பக்கத்து மேட்டில் ஏறும்போதெல்லாம் என் கண் ரோட்டில் நிற்காது. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் காடு. எங்கிருந்து சுடுவார்களோ தெரியாது. அன்று லோரியில் தொழிலாளர் லயத்துக்கான பங்கீட்டு அரிசி. பயத்தில் ஒரே மிதியில் கியரை இழுத்தேன். கர்ரென்று அலறியதே தவிர விழவில்லை. பிரேக்கும் தாங்காமல் லோரி பின்னால் உருண்டு காட்டோரப் பள்ளத்தில் சாய்ந்தது. மூட்டைகள் சிதறின.

ஒரு பிடி அரிசிகூடக் காட்டுக்குள் போகக்கூடாது என்ற காலம். வந்த போலீஸ் அதிகாரி, யாருக்காக நிறுத்தினாய் என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். வேண்டுமென்று நிறுத்தியதாக எழுதிவிட்டால் உள்ளே தள்ளுவார்கள், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். என் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு நீங்கள் வந்து இறங்கினீர்கள். லோரிக்குள் குனிந்து காலடிப் பலகையைத் தூக்கி, கியர் பெட்டியின் மேல்மூடியைத் திறந்தீர்கள். கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்பிரிங்கைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டதைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். பிறகு துரையைக் கூப்பிட்டு வெற்றுத் துளையைக் காட்டினீர்கள்.

"எண்ணெ மாத்துனப்ப நான்தாங்க மாட்ட மறந்துட்டேன், தொரை. கியர் நிக்காம வெளிய வந்திருக்கு. டிரைவர் மேல தப்பில்லீங்க."

அதிகாரி நம்பினார். நான் வீட்டுக்குப் போனேன். உங்களைப் பட்டறையிலிருந்து புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். ஏண்ணே இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ஒன்னயக் கப்பலேத்திட்டா பொறக்கப்போற புள்ளைய யாரு பாக்குறது? போ லா" என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

அவசரகாலம் முடிந்தது. லயத்தைச் சுற்றியிருந்த முள்கம்பியைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். துரையும் சீமைக்குப் போய்விட்டார். அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் ஊரில் எனக்கு நிதானமான டிரைவர் என்று பெயர். அந்தப் பெயர் இனித்தது, அவ்வளவுதான். எழுதவே கூசுகிறது அண்ணே.

உங்கள் பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கூடவே நடந்த, தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் என் பக்கம் திரும்பி, "தங்கமான மனுசன். வேலையிலதான் கவனம் பத்தாது. ஸ்பிரிங்கயே மாட்ட மறந்தவராச்சே" என்றார்.

உங்கள் பாரம் என் தோளில் இருந்தது. தோளை மாற்றிக்கொண்டு, "ஆமா லா" என்றேன்.