மூன்றாவது வளைவில் எடுத்த கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், ஓரளவு தூங்குகிறீர்கள், ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று மருமகள் போனில் சொன்னாள். மூன்றில் இரண்டு தேறியிருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மருமகளே, உனக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டும்போது செய்தி வாசிக்கிறவளைப் போலப் பறக்காதே. போன கடிதத்தை ஆறு நிமிடத்தில் முடித்ததாக நீயே பெருமையாகச் சொன்னாய். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. இந்தத் தடவை அத்தைக்காகக் கொஞ்சம் நிதானமாகப் படி. கடைசிப் பக்கம் வரும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்.

அண்ணா, உங்கள் பதில் கிடைத்தது. எட்டு மாதத்தில் ஏழு கடிதம் போட்டேன். உங்கள் பழைய காரை, அந்தத் தகரத்தை, யாருக்காவது தள்ளிவிடு என்று நீங்கள் சொல்லிவிட்டு மகளோடு போனதைக் காதில் வாங்காமல், இந்த வயதில் அதை நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று எழுதியபோதுகூட உங்களிடமிருந்து ஒரு திட்டு வரவில்லை. திட்டியிருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். போன மாதம் போனை வண்டிக்குள் கட்டிவைத்து ஓடுதளத்தில் ஐந்து சுற்றின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். அதைக் கேட்டு நீங்கள் சொன்ன ஒரே ஒரு வரியை மருமகள் அப்படியே எழுதியிருந்தாள்.

"மூணாவது வளைவுல கால எடுக்குறா. அஞ்சு தடவையும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வளைவில் நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதே இல்லை, மிதித்தது மிதித்தபடி போய்க்கொண்டே இருக்கிறேன் என்று அதற்கு முந்தின இரண்டு கடிதத்திலும் அளந்துவிட்டிருந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். வெட்கப்பட வேண்டிய நான், அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் சிரித்த முகமாகவே வேலை செய்தேன். கடையில் சோபா உறை ஒன்றைத் திருப்பித் தைத்துவிட்டேன், முதலாளியம்மா கத்தினாள், அதுவும் எனக்கு உறைக்கவில்லை. ஐந்து சுற்றையும் நீங்கள் கடைசிவரை கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. கேட்கும்போது செருப்புக்குள் உங்கள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததாம். மருமகள் கவனித்துவிட்டுச் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மாதத்து முதல் ஞாயிறு எப்படிப் போனது என்று சொல்கிறேன். விடிந்தபோது நாம் வண்டி ஓட்டும் அந்தப் பழைய விமான ஓடுதளம் முழுவதும் பனி. சிமெண்டுப் பிளவுகளில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, அதை யாரும் வெட்டுவதில்லை. இரண்டாவது வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், அதனால் பனியில் அது எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வண்டிகள் வந்திருந்தன. வழக்கமான ஆட்கள்தான். அந்தப் பேக்கரிக்காரர் தன் சிவப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம் அதிகம். நம் தகரத்தைப் பார்த்து எல்லோரும் வழக்கம்போல உங்களைத்தான் விசாரித்தார்கள்.

தகரம் நன்றாக இருக்கிறது. நீங்கள் இரட்டை கார்புரேட்டர் வைத்த நாளிலிருந்து குளிரில் அது செய்யும் அடம் இன்னும் மாறவில்லை. மூன்று தடவை இருமிவிட்டுத்தான் பேச்சுக்கு வருகிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறீர்களே, ஒவ்வொரு பிளவும் என் முதுகெலும்பில் ஏறி இறங்குகிறது. கிளட்சை மிதித்து மிதித்து என் இடது தொடை கல்லாகிவிட்டது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு தோல் வார் வைத்தீர்களே, அது அறுந்துபோக, கடையில் மிஞ்சிய பெல்ட் துணியில் நான் ஒன்று தைத்து மாட்டியிருக்கிறேன். உங்களுடையதைவிட உறுதி. கோபம் வந்தால் வந்து பாருங்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பல் டாக்டரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். என்னைவிட இருபது வயது சின்னவள். வாரம் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு மாதம் ஒரு ஞாயிறு இங்கே வந்து புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறாள். எடையைக் குறைக்கிறேன் என்று பக்கத்து இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டீர்களே, அதனால் இத்தனை நாளும் அவளால் என்னோடு உட்கார முடியவில்லை. முதலில் ஓடுதளம் முழுவதையும் என்னோடு நடந்தே சுற்றினாள். பிறகு தன் வண்டியில் முன்னால் போவாள், நான் பின்னால் போவேன், காதில் மாட்டிய கருவி வழியாகப் பேசுவாள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லும் அதே குரல். பயப்படும்படி ஏதாவது வந்தால் உடனே அந்தக் குரல் இன்னும் இனிமையாகிவிடும், அதைக் கேட்டதும் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

குதிகால் வேலை ஒருவழியாக வந்துவிட்டது அண்ணா. முன்பாதத்தால் பிரேக்கை மிதித்துக்கொண்டே குதிகாலால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கியரை இறக்கும் அந்த வித்தை. மற்றவர்கள் ஒரு வருடம் திண்டாடுவார்களாம். எனக்கு நாலு மாதம். முப்பது வருடம் தையல் மிஷினை மிதித்த காலாயிற்றே என்று டாக்டர் பாராட்டினாள். அதே வாயால்தான் கேட்டாள், மூன்றாவது வளைவில் மட்டும் ஏன் காலை எடுக்கிறேன் என்று. அவளும் கண்டுபிடித்திருந்தாள். துணியின் மூலை வந்தால் ஊசியை இறக்கி, காலை எடுத்து, துணியைத் திருப்பிவிட்டுத்தான் மறுபடி மிதிப்போம், அந்தப் பழக்கம் என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பிவிட்டாள். மற்ற வளைவுகளில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. நீங்கள் என்றால் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் அண்ணா, அந்த ஞாயிறு ஓட்டியதை என்னவென்று சொல்வது. பனியில் எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோனார்கள். பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு நான் கையை நீட்டி வழிவிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன், அனுப்பி முடித்ததும் நானும் தகரமும் மட்டும். நாலாவது சுற்றுக்கு மேல் கை தானாகத் திரும்புகிறது. எங்கே போகிறோம் என்ற கவலை இல்லை, ஏனென்றால் எங்கும் போகவில்லை. தொட்டி வருகிறது, புல் வருகிறது, நீண்ட நேர்பாதை வருகிறது, மறுபடியும் தொட்டி. தூக்கத்துக்குள் நழுவுவதற்கு முன்னால் உடம்பு எடையில்லாமல் ஒரு நொடி மிதக்குமே, அது இங்கே நீண்டுகொண்டே போகிறது. எனக்கு வயதும் இல்லை, வீட்டுவேலையும் இல்லை. எஞ்சின் பாடும் அந்த ஒரே சுருதி மட்டும் இருக்கிறது. இதற்காகத்தான் இத்தனை வருடம் எங்களை விட்டுவிட்டு ஞாயிறுதோறும் வண்டிக் கொட்டகைக்குள் கிடந்தீர்களா என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் மத்தியானம் கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு பிளவும் அது அதன் இடத்தில் வருகிறது. நீங்களும் அந்த அறையில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களோ என்னவோ.

மூன்றாவது வளைவு வரும்போது மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. அங்கே இடதுபக்கம், டயர் அடுக்குக்கு முன்னால், நான் நிற்கிறேன்.

மருமகளே, கதவைச் சாத்திவிட்டாயா? இனி வருவதைத் தாண்டாமல் படி. உன் குரல் உடைந்தால் நிறுத்திவிட்டு மறுபடி படி.

அண்ணா, இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மழைநாளில் அங்கேதான் நான் மஞ்சள் கொடியோடு நின்றேன். ஆபத்து, வேகத்தைக் குறை என்று சொல்லும் கொடி. எனக்கு முன்னால் ஒரு வண்டி சுழன்று குறுக்கே நின்றுவிட்டது. நீங்கள் வந்தீர்கள். குறைக்காமல் வந்தீர்கள். கடைசி நேரத்தில் அந்த வண்டியைப் பார்த்து ஒடித்து, புல்லில் வழுக்கி, டயர் அடுக்கில் மோதி நின்றீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு விளக்கு உடைந்ததோடு போயிற்று. பிறகு எல்லோரும் சுற்றி நின்று விசாரித்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள், "கொடியே காட்டல". எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "ஆமா, தூக்க மறந்துட்டேன்".

அது பொய். கொடியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கொடியைத் தைத்தவளும் நான்தான், தொலைவிலிருந்தே தெரிய வேண்டும் என்று வழக்கத்தைவிட ஒரு முழம் அகலமாகவே வெட்டியிருந்தேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கு நான் அங்கே இல்லவே இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இடதுபக்கம் ஒன்றுமே தெரியாமல்தான் நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் மேஜை ஓரத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். கடைக்கு வந்தபோது இடது தோள் கதவில் இடித்தது. அன்றைக்கு, கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு அன்றைக்கு மட்டும் வாய் அடைத்துப்போனது. உங்கள் முகத்தில் அதற்கு முன் நான் பார்க்காத ஒன்று இருந்தது. பயம். பன்னிரண்டு பேர் முன்னால் அந்தப் பயத்தை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மானம் போனால் போகட்டும், ஒரு வருடம் கொடி பிடிக்க விடமாட்டார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். நாளை, நாளை மறுநாள் என்று பதினான்கு மாதம் போயிற்று. அயலாரின் கேட்டில் வண்டியை இடித்த பிறகுதான் நீங்கள் கண் டாக்டரிடம் போனீர்கள். கண் அழுத்தம், ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இருந்த பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னபோது உங்கள் பக்கத்தில் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வருடம் என்னிடம் இருந்தது அண்ணா. உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உங்கள் கண்ணைக் கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் அந்த வளைவில் என் கால் எழும்புகிறது. தையல் பழக்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே கொடி தூக்கி ஒருத்தி நிற்கிறாள், அவளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிறேன். நீங்கள் சத்தத்திலேயே அதைக் கேட்டுவிட்டீர்கள். இனி உங்களிடம் ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இன்னொரு சேதி. பக்கத்து இருக்கையை மறுபடி மாட்டிவிட்டேன். கொட்டகை மூலையில் சாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது, நட்டு போல்ட்டையெல்லாம் நீங்கள் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தீர்கள். உங்கள் மாப்பிள்ளைதான் முழங்கால் வலியோடு படுத்து முடுக்கினார். அந்த எடையால் சுற்றுக்கு இரண்டு நொடி அதிகமாகிறது, பல் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். சரி, இருக்கைதான் வந்துவிட்டதே, இனி நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று ஏறப் போனாள். "அதுக்கு ஆள் இருக்கு" என்று தடுத்துவிட்டேன். பார்வை இல்லாதவர் பக்கத்தில் உட்காரலாமா என்று ஓடுதளத்துக்காரர்களிடம் கேட்டும் விட்டேன். ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி, கையெழுத்துப் போட்டால் போதுமாம். முன்னால் பார்க்க நான் இருக்கிறேன். எங்கே மிதிப்பது, எங்கே விடுவது என்று காதால் கேட்டுச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்ல மாட்டேன். அது கேட்டு வாங்குகிற பொருள் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறொன்று கேட்கிறேன். இருக்கைக்கு உறை வெட்டிவிட்டேன், பஞ்சை மட்டும் இன்னும் அடைக்கவில்லை. உட்காருகிற ஆளின் உடம்புக்குத் தக்கபடி அடைத்தால்தான் வளைவில் ஆள் சரியமாட்டார். மருமகளே, என் பழைய அளவு நாடாவை இந்தக் கடித உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அப்பாவை எழுந்து நிற்கச் சொல். அவர் விட்டால் தோள் அகலத்தையும் இடுப்பு அகலத்தையும் அளந்து, அந்த இரண்டு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அவர் விடவில்லை என்றால் நாடாவைத் திருப்பி அனுப்பாதே, அங்கேயே அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திரு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

என்றும் உங்கள்,
வாயாடி