அழகுக் குழந்தைப் போட்டிக்குப் புறப்படும் முன்

சாந்திராஜுக்கு,

நேற்று கூடத்தில் நீ, உன் மனைவி ஜெயமதி, நான், அவள் மடியில் குழந்தை. வெளியாள் யாரும் இல்லை. "நம்ம வூட்டுப் பொண்ண மேடை ஏத்தி ஊருக்குக் காட்டணுமா?" என்று கத்தினாய். "எட்டு மாசக் குழந்தைக்கு இன்னாங்க மானம்? நீங்க வராட்டிப் போங்க, நான் போறேன்!" என்றாள் அவள். இருவரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன்.

விடியுமுன் நீ விழுப்புரம் சந்தைக்குப் போய்விட்டாய். அவள் பையோடு வாசலில் நிற்கிறாள். எனக்கும் இந்தப் போட்டி பிடிக்கவில்லை. ஆனால் நம் வீட்டு மருமகள் திண்டிவனம் பஸ்ஸில் தனியாகப் போகக்கூடாது. அதனால் நானும் போகிறேன். குழந்தைக்குச் சளி வேறு. அந்தக் கூட்டத்தில் யாரும் அவளைத் தொடாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு. இருட்டியபின் உண்ணாதது நம் சமண வழக்கம் அல்லவா, நாங்கள் வர இருட்டிவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. குழந்தைக்குப் பால் மட்டும் காய்ச்சி வை.

அப்பா

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கதவு இடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்; சாவி பக்கத்து வீட்டு அனந்தவல்லியிடம் இருக்கும். ஜெயமதி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று அந்த அம்மாள் இப்போதே தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய். என்னோடு போகிறாள், என்னோடு திரும்பி வருவாள்.