அரைக்க வேண்டாம் என்று சொன்னேன்

எலும்போடு பேசத் தெரிந்த என் வசந்தாவுக்கு,

தகன நிலையத்தில் தந்த பெட்டி சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. வழக்கமாகத் தருவதைவிடப் பெரிய பெட்டி. உன் நாற்காலிக்கு முன்னால் வைக்க மனம் வராமல் என் இடத்தில் வைத்துவிட்டு, நான் ஜன்னலோரம் நின்று சாப்பிடுகிறேன். வெஸ்ட் வின்ட்சரில் ஒரு வாரமாக விடாத மழை.

நம் ஊரில் எரித்தபின் காடாற்றும்போது எலும்பைக் கையால் பொறுக்கிக் கலயத்தில் போடுவோம். இங்கே இயந்திரத்தில் அரைத்து மாவாகத் தருகிறார்கள். "என்னைய அரைச்சுடாதீங்க. மாவைப் பார்த்து ஆளைச் சொல்ல என்னாலயே முடியாதுங்க" என்று நீ சிரித்தபோது நான் பேச்சை மாற்றினேன்.

இங்கிருந்து கோடைதோறும் இங்கிலாந்துக்குப் போய் நாம் ஆய்வுக்காகத் தோண்டிய ஈம மேடுகளை நினைத்துக்கொள்கிறேன். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன், எரித்த எலும்பைப் பானையில் இட்டு மேலே மண் குவித்திருந்தார்கள். நான் மண் அடுக்குகளை வரைவேன். நீ பானைக்குள் இருந்ததைச் சலிப்பாய். "கரித்துண்டு ஒண்ணுகூட இல்ல பாருங்க. விரல் எலும்பு வரைக்கும் பொறுக்கியிருக்காங்க. ரொம்பப் பிரியமானவங்க யாரோ" என்பாய். ஒருமுறை முதுகுத்தண்டுத் துண்டு ஒன்றின் விளிம்பில் துருத்தியிருந்ததைத் தடவி, "பாவம், இவளுக்கு இடுப்பு வலி. யார்கிட்டச் சொன்னாளோ" என்றாய்.

தகன நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அரைக்க வேண்டாம் என்ற ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே மெல்லத்தான் சொன்னேன். ஊழியர் மறுபடி கேட்டார். அரைக்க வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். நான் எதையாவது இரண்டாம் முறை சொல்லி நீ பார்த்திருக்கிறாயா?

செந்திலுக்குச் சங்கடம். "அப்பா, இது கடல்ல கரையாது. பீச்ல வாக் போறவங்க யார் கைலயாவது கிடைச்சா போலீஸ்தான் வரும். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடலாம், ஒன் அவர்ல அரைச்சுத் தந்துடுவாங்க. அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன்" என்றான். நம் பிள்ளை சொல்வதில் தவறில்லை. உனக்காகத் தடுத்தேனா, எனக்காகவா? இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். செய்தித்தாள் விரித்து, மண்டையோட்டில் தொடங்கிப் பாதம் வரை, நீ பரப்புகிற வரிசையிலேயே பரப்பினேன். இடுப்புக்குச் சற்று மேலே வரும் துண்டை எடுத்தபோது விரல் நின்றது. அதே துருத்தல்.

காரிலிருந்து இறங்கினால் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாய். "கால் மரத்துப்போச்சுங்க" என்பாய். அப்படியா வசந்தா? கால்தானா?

தண்ணீர் எடுக்க வந்த செந்தில் திகைத்து நின்றான். "அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?"

"அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்திருக்குப்பா."

அருகில் வந்தான். விரலை நீட்டினான்; உடனே தொடவில்லை. பிறகு தொட்டான்.

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"என்கிட்டயும் இல்ல."

எதிர் நாற்காலியில், உன் இடத்தில், உட்கார்ந்தான். அவன் அழுது நான் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. கைக்குட்டையை நீட்டினேன். "நாளைக்கு அப்பாயின்ட்மென்ட்ட கேன்சல் பண்றேன்" என்றான். "போட் எடுத்துட்டு ரொம்ப உள்ள போயிடலாம்பா."

போகிறோம் வசந்தா. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட மாட்டேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அது எந்த எலும்பு என்று செந்திலுக்குச் சொல்லிவிட்டே விடுவேன். தப்பாகச் சொன்னால் திருத்த நீ இருக்க மாட்டாய். அதனால் மெதுவாகவே சொல்வேன்.

கடைசிவரை நீ கூப்பிட்டபடியே,
செந்தில் அப்பா