பட்டம் வேண்டாத பிரபு

ரவுண்ட் ராக்,
டெக்சாஸ், செப்டம்பர் 8, 2024

அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வேலைக்காகத் தனியாகத் தங்கியிருக்கும் ஜெர்சி சிட்டி அறையில் இன்னும் ரொட்டியும் முட்டையும்தானா? உம்மா கவலைப்படுகிறார்.

வரலாற்று வகுப்பு பிராஜெக்டுக்கு எட்மண்ட் ஹார்க்ரோவ் என்ற ஆங்கிலேயப் பிரபுவை எடுத்திருக்கிறேன். அவருடைய அப்பா இறந்ததும் பட்டமும் பிரபுக்கள் சபையில் இடமும் தானாக அவருக்கு வந்தன. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாதாரண ஆளாகத் தேர்தலில் நின்றார். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு மீன்கடைக்காரர் அவரை மழையில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டாராம். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வாப்பா, இங்கே நீங்கள் தொடங்கிய தமிழ்ப் பள்ளிக்கு இன்றும் நீங்களே தலைவர். போன வருஷம் பாசில் அண்ணன் மாணவர் தலைவர், இந்த வருஷம் நான். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது என் வகுப்பு வான்மதிதான். நீங்கள் என் பெயரை அறிவித்ததிலிருந்து அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை. நான் விலகி, ஓட்டெடுப்பில் நிற்கட்டுமா? உங்களுக்கு வருத்தமாகிவிடுமோ என்றுதான் பயம்.

உங்கள் ஃபைஹா

ஜெர்சி சிட்டி,
செப்டம்பர் 15

செல்ல மகளுக்கு,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தை ரயிலில் படித்து, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன். வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். இடம் கேட்டு அலைந்து தொடங்கிய பள்ளி அது. அங்கே என் பிள்ளைகள் முன்னால் நிற்க ஆசைப்பட்டேன். சரி, உன் விருப்பப்படி செய். உன் பிரபு ஜெயித்தாரா, தோற்றாரா? அதை எழுதவே இல்லையே.

வாப்பா

ரவுண்ட் ராக்,
செப்டம்பர் 29

அன்பு வாப்பாவுக்கு,

ஸலாம். பிரபு முதல் தேர்தலில் தோற்றார். அடுத்ததில் ஜெயித்து, பின்னால் அமைச்சரும் ஆனார்.

பள்ளி ஓட்டெடுப்பில் நானும் வான்மதியிடம் தோற்றுவிட்டேன். "நானே வான்மதிக்குத்தான் போட்டேன், சாரிடி" என்கிறான் அண்ணன். காரில் கொஞ்சம் அழுதேன். ஆனால் முடிவு சொன்னதும் வான்மதி பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பேச்சுப் போட்டிக்கு ஹெல்ப் பண்ணுவியா?" என்று கேட்டாள்.

நேற்று போனில் உம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். கோபமா வாப்பா?

ஃபைஹா

ஜெர்சி சிட்டி,
அக்டோபர் 6

என் கண்ணு ஃபைஹாவுக்கு,

கோபம் இல்லைம்மா. உன்னிடம் பேசக் கூச்சமாக இருந்தது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து நான் தலைவர். என்னையும்தான் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

இன்று எல்லாப் பெற்றோருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். நான் விலகுகிறேன், நவம்பரில் ஓட்டெடுப்பு, அதில் நானும் நிற்கிறேன். பிள்ளைகளுக்கும் ஓட்டு உண்டு.

லீவு போட்டு வருகிறேன். முதலில் வான்மதி வீட்டுக்கு ஓட்டுக் கேட்கப் போகவேண்டும், கூட வா. அவள் அப்பா வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டால், மழை பெய்தாலும் நின்று பதில் சொல்கிறேன்.

உன் உம்மாவிடம் போனில் ஓட்டுக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறாள். உன் ஓட்டு யாருக்கு என்று நான் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
நூர் முகம்மது, வேட்பாளர்
(உன் வாப்பா)